ஜிப்சிக்கு அடியில் சத்தம்: பிரிப்பதா, மாற்றுவதா, கழற்றி வைப்பதா?

பழைய மாருதி ஜிப்சியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் "அடியிலிருந்து ஊங்குன்னு ஒரு சத்தம், ஃபோர் வீல் போட்டா வண்டி இறுகுது" என்று சொன்னால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிடுச்சு சார், இறக்கிப் பார்த்துடலாம்." கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதை இறக்கிய பிறகு வண்டி பட்டறையை விட்டு நகராது. பிரித்த பெட்டி பேசினில் கிடக்கும்போது செலவைப் பற்றிப் பேரம் பேச நமக்கும் தெம்பு இருக்காது.

அந்த நிலைக்கு முன் நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நம் பெட்டியையே பிரித்து பேரிங், சீல் மாற்றுவது ஒன்று. காயலான் கடையில் முழு அசெம்ப்ளி வாங்கி மாட்டுவது இன்னொன்று. முன்னச்சுக்கு விசை கொண்டுபோகும் தண்டான முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீல் வண்டியாக ஓட்டலாம். ஒன்றும் செய்யாமல் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு இன்னும் கொஞ்ச நாள் கவனிக்கலாம். இவற்றில் எது சரி என்பது எந்தப் பெட்டி கெட்டது என்பதைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் சரியான வழி, அச்சின் நடுவில் இருந்து இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலுக்குத் தப்பாகப் போகும். எனவே முதல் வேலை, ஒரு போல்ட்டையும் தொடாமல் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக்கொள்வது. ஜிப்சியில் இது மற்ற வண்டிகளைவிடச் சுலபம்.

காரணம் அதன் அமைப்பு. 1985இல் வந்த 970 சிசி எம்ஜி410 ஆனாலும், 1996இல் வந்த 1.3 லிட்டர் ஜிப்சி கிங் ஆனாலும் அடிப்பகுதி ஒரே மாதிரிதான். கியர் பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்கள். முன் சக்கரங்களில் கையால் திருகும் ஹப் லாக்: லாக் செய்தால் சக்கரம் ஆக்ஸிலோடு சேரும், ஃப்ரீயில் விட்டால் பிரியும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றவிடவும் நிறுத்தவும் முடியும் என்பதால், ஒரு லீவரும் இரண்டு ஹப்பும் இருந்தால் பாதிக் கண்டுபிடிப்பு முடிந்துவிடும்.

முதலில் இறுக்கத்தைப் பார்ப்போம். ஃபோர் வீலில் வண்டி இறுகுவதெல்லாம் பழுது இல்லை. ஜிப்சியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஷாஃப்ட்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மி.மீ. பின்னச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் ஓர் அரை வட்டம் அடித்தால் அது ஓடும் தூரம் 15.7 மீட்டர், முன்னச்சு ஓடுவது ஏறத்தாழ 17.4 மீட்டர். அந்த ஒன்றே முக்கால் மீட்டர் வித்தியாசம் எங்காவது தீர வேண்டும். மண்ணில் டயர் வழுக்கித் தீர்த்துவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட்களும் கியர்களும் முறுக்கிக்கொள்ளும். வண்டி பிரேக் பிடித்தது போல நிற்கும், டயர் குதிக்கும், லீவர் டூ வீலுக்கு வர மறுக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் காய்ந்த ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஏறினால் எந்தப் புது ஜிப்சியும் இப்படித்தான் நடந்துகொள்ளும். லீவர் வராவிட்டால் சுத்தியல் தேடாமல், ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கு தளர்ந்து லீவர் தானாக வரும்.

நேர் ரோட்டிலேயே இறுகினால் அப்போது சந்தேகப்படலாம். அப்போதும் பெட்டியைப் பார்க்காமல் டயரைப் பாருங்கள். புது டயரை முன்னால் போட்டு, தேய்ந்ததைப் பின்னால் விட்டிருப்போம். 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. டயரின் மேல்பட்டன் ஐந்து மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் பத்து குறையும். கணக்குப் போட்டால், தேய்ந்த டயர் கிலோமீட்டருக்கு ஏழு சுற்றுக்கு மேல் அதிகமாகச் சுற்ற வேண்டும். அந்த ஏழு சுற்றையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தடுக்கிறது. காற்றழுத்தம் முன்னும் பின்னும் ரொம்ப வேறுபட்டாலும் கொஞ்சம் இதே கதைதான். இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது: முந்தைய ஓனர் முன்னச்சிலோ பின்னச்சிலோ மட்டும் வேறு மாடலின் டிஃபரன்ஷியலை மாட்டியிருப்பார். முன்னுக்கும் பின்னுக்கும் கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய, சின்னப் பல் சக்கர ஜோடி) பல் விகிதம் வேறாக இருந்தால் மண் ரோட்டில்கூட வண்டி இழுபறியாகவே ஓடும். டூ வீலில் ஓட்டிப் பார்த்து வாங்கியவருக்கு இது மாதக்கணக்கில் தெரியாமலேயே போகலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. இரண்டு ஹப்பும் லாக்கில், லீவர் ஃபோர் வீலில், கெட்டியான மண் தரையில் முழு ஸ்டியரிங் ஒடித்து ஒரு சுற்று வந்தும் துளி இறுக்கமும் தெரியவில்லை என்றால், முன்பக்கம் இழுக்கவே இல்லை என்று அர்த்தம். ஒரு ஹப் லாக் ஆகாமல் ஏமாற்றினாலே போதும், முன் டிஃபரன்ஷியல் சக்தி முழுவதையும் அந்தப் பக்கம் வீணாகச் சுற்றவிடும்.

டூ வீலில், நேராகப் போகும்போதே வண்டி பிடித்துப் பிடித்துப் போகிறதா? அது பெரும்பாலும் டிரைவ்லைன் நோயே இல்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் புறங்கையை மெல்ல அருகே கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் ஒட்டுகிறது, அல்லது வீல் பேரிங் ரொம்ப இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங் திருப்பினால் கனமாகி, தானாகத் திரும்பி வராவிட்டால் முன் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளின் கிங் பின் பேரிங் காய்ந்திருக்கும்.

சத்தத்தை லீவரால் பிரிப்பது

இப்போது சத்தம். காதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். தகரமும் சேஸிஸும் சத்தத்தைக் கடத்தி எங்கோ ஒலிக்க வைக்கும். ஆனால் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதில் பொய் இருக்காது.

வண்டி நிற்கட்டும். டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் போட்டு, கியர் பாக்ஸை மூன்றாவது கியரில் விட்டு கிளட்சை எடுங்கள். வண்டி நகராது. ஆனால் கியர் பாக்ஸும் குட்டி ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்பகுதியும் சுற்றும். அந்தச் சத்தம் இங்கேயே கேட்டால் அச்சு இரண்டையும் மறந்துவிடலாம். கேட்காவிட்டால் ரோட்டுக்குப் போங்கள்.

நல்ல நேர் ரோட்டில், டூ வீலில், ஹப் இரண்டும் ஃப்ரீயில் ஒரு முறை. அதே வேகத்தில் ஹப்பை லாக் செய்து (லீவர் டூ வீலிலேயே இருக்கட்டும்) இன்னொரு முறை. ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது முன் ஆக்ஸில், முன் டிஃபரன்ஷியல், முன் ஷாஃப்ட் எதுவும் சுற்றுவதில்லை. லாக் செய்தால் சக்கரம் அவை எல்லாவற்றையும் சுற்றவைக்கும். எனவே லாக்கில் மட்டும் வரும் சத்தம் முன்பக்கத்துக்காரன். முன் புரொப்பல்லர் ஷாஃப்டை மட்டும் கழற்றி, லாக்கிலேயே மறுபடி ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் ஷாஃப்டோ, டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் அவுட்புட் பேரிங்கோதான். போகாவிட்டால் டிஃபரன்ஷியல் அல்லது நக்கிளுக்குள் இருக்கும் ஜாயிண்ட். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பெட்டியை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

இரண்டு நிலையிலும் ஒரே சத்தம் என்றால் பின்பக்கம் அல்லது நடுப்பகுதி. இங்கே ஆக்ஸிலரேட்டர்தான் சாட்சி. அழுத்தும்போது ஊங்கி, காலை எடுத்ததும் அடங்கினால், அல்லது இதற்கு நேர்மாறாக எடுத்ததும் ஊங்கினால், அது கிரவுன் பினியன் பல். அழுத்தினாலும் எடுத்தாலும் மாறாமல், ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினால் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ரோடு மாறினால் மாறும் சத்தம் டயருடையது. ஆஃப் ரோடு டயர் போட்டவர்கள் இதை முதலில் கழித்துவிட வேண்டும். முதல் கியரில் கிளட்ச் விடும்போது ஒரு 'டொக்', ரிவர்ஸுக்கு மாற்றும்போது இன்னொரு 'டொக்' என்றால் ஷாஃப்டின் கிராஸ், அதாவது ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு. மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் சுற்றுக்கு ஒரு தரம் 'கீச்' என்றாலும் அதே கிராஸ்தான், உள்ளே கிரீஸ் வற்றியிருக்கிறது. ஹப் லாக்கில், முழுதும் ஒடித்த நிலையில் 'கடக் கடக்' என்றால் முன் நக்கிள் ஜாயிண்ட்.

இன்னும் சந்தேகம் இருந்தால், பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஃபோர் வீலில் முன் சக்கர இழுவையில் மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பின் டிஃபரன்ஷியலில் சுமை இல்லாதபோது சத்தம் அடங்கினால் தீர்ந்தது விஷயம். ஒரு எச்சரிக்கை: பின் ஷாஃப்ட் இல்லாமல் லீவர் டூ வீலில் இருந்தால், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்ந்த வகையாக இருந்தால் அதுவும் பிடிக்காது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் அடியில் படுக்காதீர்கள்.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் இல்லாத, முழுக்க கியர் வைத்த பெட்டி. டூ வீலில் ஓடும்போதுகூட சக்தி நேராகப் பின்னுக்குப் போவதில்லை. உள்ளே பல் மாறி, வேகம் குறைந்துதான் போகிறது. ஆகவே ஓரளவு ஊளை அதன் பிறவிக் குணம். காரிலிருந்து ஜிப்சிக்கு மாறியவர்கள் முதல் மாதத்தில் இதைத்தான் பழுது என்று நினைத்துப் பட்டறைக்கு ஓடுகிறார்கள்.

பெட்டிக்கு முன் ரப்பர்

எந்தப் பெட்டியையும் விலை பேசும் முன் மூன்று சின்னச் சாமான்களைப் பார்த்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்று ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. ஒரு ரப்பர் கிழிந்தாலே பெட்டி ஆடும், ஷாஃப்டின் கோணம் மாறும், கிளம்பும்போது வண்டி நடுங்கும், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு ஏறப் போடுவது) தானாக நழுவும். அறிகுறியைக் கேட்டால் உள்ளே எல்லாம் போய்விட்டது என்றே தோன்றும். ஒரு கடப்பாறையை வைத்து நெம்பிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து கிராஸ். மூன்று ஷாஃப்ட்களிலும் உள்ளவற்றைக் கையால் முறுக்கி ஆட்டம் பாருங்கள். நடுவில் இருக்கும் குட்டி ஷாஃப்டை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கழற்றும் முன் இரு பாதியிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். ஸ்ப்ளைன் ஒரு பல் மாறி ஏறினாலும் முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வரும். லீஃப் ஸ்பிரிங்கைத் தூக்கி, நீள ஷாக்கிள் போட்ட வண்டிகளில் கிராஸ் மாற்றினாலும் அதிர்வு போகாது, ஏனென்றால் கோணமே தப்பு. அந்த வண்டிக்கு இந்தக் கட்டுரையின் நான்கு வழிகளும் உதவாது, முதலில் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது எண்ணெய். டிரான்ஸ்ஃபர் கேஸ் கொள்வது ஒரு லிட்டருக்கும் குறைவு. சீலில் சொட்டு சொட்டாகக் கசிந்தால்கூட ஒரு மழைக்காலத்துக்குள் காய்ந்துவிடும். டிரெய்ன் பிளக்கைத் திறந்து வருவதை ஒரு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். சாம்பல் நிறப் பசை வயதுக்குரியது. செதில், ஊசி போன்ற துண்டுகள் வந்தால் பேரிங் அல்லது பல் உதிர்கிறது. பால் கலந்த காபி நிறம் என்றால் ஓடை கடக்கும்போது தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டி மூச்சுவிடும் பிரீதர் குழாயையும் பார்க்க வேண்டும்.

எதற்கு எந்த வழி

டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் என்று உறுதியானால், என் வாக்கு நம் பெட்டியையே பிரித்துச் செய்வதற்கு. கியர் பாக்ஸைத் தொட வேண்டியதில்லை. மூன்று ஷாஃப்ட், லீவர், ஸ்பீடோ கேபிள், மவுண்ட் போல்ட் கழற்றினால் இரண்டு பேர் இறக்கிவிடலாம். உள்ளே தேய்வது பெரும்பாலும் பேரிங், ஊசி பேரிங், வாஷர், சீல். நல்ல பேரிங் கடையில் அளவைச் சொன்னால் கிடைக்கிற சாமான்கள். பழைய அசெம்ப்ளி வாங்கினால் என்ன கிடைக்கும்? அதே வயதான பேரிங், அதே காய்ந்த சீல், ஆனால் முன்கதை தெரியாத பெட்டி. அதையும் பிரித்துத்தான் மாட்ட வேண்டும் என்றால் வாங்கிய காசு வீண். பல் உடைந்திருந்தாலோ ஹவுசிங் விரிசல் விட்டிருந்தாலோ மட்டும் பழைய பெட்டி தேடலாம். அப்போதும் இரண்டு பெட்டியிலிருந்து ஒன்று செய்வதாக நினைத்துக்கொண்டே வாங்குங்கள்.

டிஃபரன்ஷியலில் கணக்கு தலைகீழ். கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பழகியவை. புது ஜோடி போட்டால் பினியன் ஆழத்துக்கு ஷிம் எனும் மெல்லிய தகடு, பேரிங்குக்கு முன் இறுக்கம், பல்லுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி, கடைசியில் பல்லில் சாயம் தடவி எங்கே படிகிறது என்று பார்த்தல் என அத்தனையும் சரியாக அமைய வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் கை அளவில் 'செட்' பண்ணுபவரிடம் கொடுத்தால், முன்பு அழுத்தும்போது ஊங்கியது இப்போது எப்போதும் ஊங்கும். ஜிப்சியில் கிரவுனும் பினியனும் அடங்கிய அந்தப் பகுதி, பட்டறை வழக்கில் 'குடம்', முழுதாகக் கழன்று வருவது நம் அதிர்ஷ்டம். வேறு வண்டியிலிருந்து அமைதியாக ஓடிய குடத்தை அதன் செட்டிங் கலையாமல் அப்படியே எடுத்து மாட்டலாம். சென்னை புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ, போகும்போது பழைய குடத்தின் பல் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போங்கள். கிரவுன் எத்தனை, பினியன் எத்தனை. 410 (பழைய 970 சிசி), 413 (ஜிப்சி கிங்) என்ற கடைக்காரரின் வாய்வார்த்தை போதாது. விகிதம் மாறினால் மேலே சொன்ன நேர் ரோட்டு இறுக்கம் உங்களுக்கும் வரும். பல் எண்ணிய பிறகு, ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தகடான பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுற்றும்போது கொஞ்சம் இடைவெளி இருக்கலாம். மேலும் கீழும் ஆட்டம் இருக்கவே கூடாது. ராணுவ ஏலத்தில் போன வண்டிகளின் சாமான் என்று சொல்லி விற்பார்கள். அவை ஓடிய தூரம் குறைவாக இருக்கலாம், ஆனால் வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். பல்லின் மேல் துருப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

முன் நக்கிளில் யோசிக்க ஒன்றுமில்லை. பிரித்து, கழுவி, சீல் கிட், கிங் பின் பேரிங், புது கிரீஸ். உள்ளே கிரீஸுக்குப் பதில் கறுப்புக் குழம்பு இருந்தால் ஆக்ஸில் சீல் போய் டிஃபரன்ஷியல் எண்ணெய் கலந்திருக்கிறது. அந்த சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஜாயிண்ட் 'கடக்' என்றால் மட்டும் ஜாயிண்ட் வாங்குங்கள். இதற்காக முழு முன்னச்சு வாங்கச் சொல்வது, ஹவுசிங் வளைந்த வண்டிக்குத்தான் நியாயம்.

முன் ஷாஃப்டைக் கழற்றி வைக்கும் யோசனையைப் பலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழுது முன்பக்கம் என்று உறுதியாகி, சாமான் வர நாளாகும், வண்டியோ தினசரி ஓட வேண்டும் என்றால் ஹப்பை ஃப்ரீயில் விட்டு, ஷாஃப்டைக் கழற்றி, ஃபிளாஞ்சைத் தூசி படாமல் கட்டிவிட்டு ஓட்டலாம். டூ வீலில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் லோ கியர் போடும் பழக்கத்தை அதோடு நிறுத்த வேண்டும். நான்கு சக்கரத்துக்குப் பகிரும் விசை முழுவதும் பின் ஆக்ஸிலுக்கும் பின் கிராஸுக்கும் போகும். எஸ்டேட் ரோட்டில் தினமும் ஏறி இறங்குபவருக்கு இந்த வழி ஆகாது. ஊருக்குள் ஓட்டி, வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போகிறவர் ஆறு மாதம் இப்படியே ஓட்டினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கடைசியாக, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதுவும் ஒரு முடிவுதான், சில சமயம் சரியான முடிவும்கூட. டிஃபரன்ஷியல் ஊளை ஒரே வேகத்தில், ஒரே அளவில், மாதக்கணக்கில் வளராமல் இருக்கிறது, எண்ணெய் சுத்தமாக இருக்கிறது, ஹவுசிங் கைவைக்க முடியாத அளவு சுடவில்லை, பினியனில் ஆட்டம் இல்லை என்றால் நல்ல எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள். கிரவுன் பினியனுக்கு ஜிஎல்-5 தர கியர் எண்ணெய் வேண்டும். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள், கியர் மாற உதவும் சின்க்ரோ வளையங்களின் பித்தளைக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் ஊளை 'கரகர' என்ற உறுமலாக மாறினால் காத்திருக்கக் கூடாது. அது பேரிங். பினியன் பேரிங் ஆடத் தொடங்கினால் பல்லின் படிவு மாறி, நூறுகளில் முடிந்திருக்க வேண்டிய செலவு ஆயிரங்களுக்குப் போகும்.

2019இல் பொதுமக்களுக்கு ஜிப்சி விற்பது நின்றுவிட்டதால், நல்ல குடமும் நல்ல டிரான்ஸ்ஃபர் கேஸும் சந்தையில் வருஷத்துக்கு வருஷம் குறையத்தான் செய்யும். எனவே பட்டறையில் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கழற்றிய பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் விட்டுவிட்டு வராதீர்கள். பல் நன்றாக இருக்கும் பெட்டி என்றால் எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி, வீட்டில் ஒரு மூலையில் போட்டு வையுங்கள்.